வண்டல் விசிறிக் கேள்வி: 'சரிவு குறைகிறது' என்று மட்டும் எழுதினால் போதாது

மலையடிவார வண்டல் விசிறி, அதாவது மலையிலிருந்து வரும் ஓடை வெளியேறும் இடத்தில் விசிறி வடிவில் படிந்த கல்மண் மேடு, எப்படி உருவாகிறது என்று புவிப்புறவியல் தாளில் கேட்டால் பலரும் எழுதுவது ஒரே வரி: சரிவு குறைகிறது, ஆறு வண்டலை இறக்குகிறது. ஆறு கட்டிய விசிறிக்கு அது சரி. டெப்ரி ஃப்ளோ எனப்படும் கல்சேற்று ஓட்டம் கட்டிய விசிறிக்கு அது பாதி விடைதான்.

இந்த ஓட்டத்தின் கன அளவில் ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலோ கல்லும் மண்ணும்தான். பெரிய பாறைகள் முகப்பில் குவிய, நீர்த்த சேறு பின்னாலிருந்து தள்ளும். ஓரம் ஒதுங்கிய கற்கள் இருபுறமும் கரைமேடாக நிற்கும். முகப்பு நின்ற இடத்தில் நாக்கு வடிவக் குவியல் கிடக்கும். அது தடத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் அடுத்த ஓட்டம் அதில் முட்டி, அதற்கு மேற்புறம் படியும். இப்படி அடைப்பு படிப்படியாக மலைப்பக்கம் ஏறி, ஒருநாள் ஓட்டம் கரைமேட்டைத் தாண்டிப் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கும். இந்தத் தடமாற்றம் நூற்றாண்டுக் கணக்கில் திரும்பத் திரும்ப நடந்துதான் விசிறி விரிகிறது. ஒரு காலத்தில் ஒரு பகுதிதான் வளரும். இதை எழுதாத விடை முழுமையாகாது.

படம் கொடுத்து அடையாளம் காணச் சொன்னால் மேற்பரப்பை நம்பாதீர்கள். பின்னால் பெய்யும் மழை நுண்மண்ணை அரித்துவிடுவதால் மேலே ஆற்றுக்கற்கள் போலவே தெரியும். விசிறியின் உள்ளடுக்கு தெரியும் வெட்டுமுகத்தைப் பாருங்கள். சேற்றுக்குள் பாறைகள் பதிந்து, அடுக்கே இல்லாமல் கலந்து கிடந்தால் கல்சேற்று ஓட்டம். அடுக்கடுக்காக, கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தால் ஆறு.

ஓர் ஓடையில் கல்சேற்று ஓட்டம் வர வாய்ப்பு உண்டா என்று மதிப்பிட உதவும் மெல்டன் எண் கணக்கில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நீர்ப்பிடிப்புப் பகுதியின் உயர வேறுபாட்டைப் பரப்பின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். உயர வேறுபாடு 1.6 கி.மீ., பரப்பு 4 ச.கி.மீ. என்றால் 1.6 ÷ 2 = 0.8. பொதுவாக 0.6-க்கு மேல் போனால் கல்சேற்று ஓட்டத்துக்கு வாய்ப்பு அதிகம். வர்க்கமூலத்தை மறந்தால் 0.4 வரும், முடிவே மாறிவிடும். உயரத்தை மீட்டரில் போட்டால் 800! எல்லை மதிப்பு இடத்துக்கு இடம் மாறும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு போதும். சுவிட்சர்லாந்தின் இல்கிராபன் ஓடையில் ஆண்டுக்குப் பலமுறை இந்த ஓட்டம் வருகிறது. வெனிசுவேலாவின் வர்காஸ் கடற்கரையில் 1999 டிசம்பரில் 3 நாளில் 900 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியது. விசிறிகள்மேல் இருந்த ஊர்கள் பாறைகளுக்குள் புதைந்தன.

வரைபடத்தில் விசிறியின் தலையில் (மலையை ஒட்டிய மேல்முனையில்) வெட்டுத்தடம், அதாவது விசிறிப் பரப்பை ஆழமாக அரித்துச் செல்லும் தடம், வரைந்தால் படிவைத் தலையிலிருந்தே தொடங்காதீர்கள். தடத்தின் அடி விசிறிப் பரப்போடு சமமாகும் புள்ளியைக் குறித்து, நாக்குகளை அதற்குக் கீழே போடுங்கள்.