டிஸ்டார்ஷனுக்கு முன்னால்: ஒரு ரெக்கார்டிங் நாட்குறிப்பு

மார்ச் 3

டிரம்ஸ் ப்ரோகிராம் முடிந்தது, இனி கிட்டார். கனமான டிஸ்டார்ஷன் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் சிதைவு) வேண்டும், ஆனால் என்ன கார்டு வாசிக்கிறேன் என்பது கேட்கிறவருக்குத் தெரிய வேண்டும். தனியாக ஒலிக்கும்போது பிரமாதமாக இருந்துவிட்டு டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் எங்கோ பின்னால் இரைச்சலாகப் போய்விடுகிற சவுண்டு இந்தப் பாட்டுக்கு வேண்டாம்.

இன்று ஆம்ப் பக்கமே போகவில்லை. புதுக் கம்பிகள், 12-ஆவது ஃப்ரெட்டில் இன்டோனேஷன் (சுருதி சரிபார்ப்பு), அவ்வளவுதான். க்ளீன் சவுண்டில் சுருதி கொஞ்சம் விலகினால் காது மன்னித்துவிடும். டிஸ்டார்ஷன் மன்னிக்காது.

மார்ச் 4

கிட்டாரை நேராக இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் பெட்டி) செருகி, ஆம்ப் இல்லாத வெறும் சிக்னலைப் பதிவு செய்கிறேன். ஆம்ப் சிமுலேட்டரை (ஆம்ப் போல ஒலிக்கவைக்கும் மென்பொருள்) வாசிக்கும்போது கேட்டுக்கொள்ள மட்டும் வைத்திருக்கிறேன், பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கிட்டாருக்கான இன்புட் பட்டனை அழுத்தியாக வேண்டும்: அதன் மின்தடை 1 மெகாஓம் அளவில் இருக்கும். லைன் இன்புட்டில் அது மிகக் குறைவு, அதில் செருகினால் பிக்கப்பின் (கம்பி அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) மேல் ஒலிகள் மழுங்கிவிடும். உச்ச அளவு -12 டெசிபல் பக்கம் நின்றால் போதும். சிவப்பு விளக்கு எரியும்வரை ஏற்றுவதில் ஒரு லாபமும் இல்லை, கூடுதலாக உள்ளே போவதெல்லாம் ஆம்ப் சிமுலேட்டரில் கூடுதல் கெயினாகத்தான் (டிஸ்டார்ஷனை ஏற்றும் அளவு) வந்து நிற்கும்.

மார்ச் 6

இன்று முழுக்க கெயினோடுதான்.

டிஸ்டார்ஷன் என்பது அலையின் உச்சியை வெட்டுவது. அதிகமாக வெட்ட வெட்ட, பிக் கம்பியில் படும் அந்த முதல் அடிக்கும் அதற்குப் பிறகு நீளும் ஒலிக்கும் இடையே இருக்கும் உயர வித்தியாசம் கரைந்துவிடுகிறது, தெளிவு என்று காது எடுத்துக்கொள்வதில் பெரும்பங்கு அந்த வித்தியாசம்தான். அதனால் வாசிக்கும்போது 'இன்னும் கொஞ்சம் இருந்தால் நன்றாயிருக்குமே' என்று கை கேட்கிற இடம்வரை கெயினை இறக்கினேன். வாசிப்பது கொஞ்சம் கஷ்டமாகிறது, ஒவ்வொரு அடியும் உண்மையாகவே விழ வேண்டியிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது.

அப்புறம் ஆம்புக்கு முன்னால் ஒரு டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ். டிரைவ் கிட்டத்தட்ட பூஜ்யம், லெவல் நல்ல உயரம். மெட்டல் வாசிப்பவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான், ஆனால் எதற்காக என்று பலர் யோசிப்பதில்லை. அந்தப் பெடல் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைப் படிப்படியாகக் குறைத்து, நடுப்பகுதியைத் தூக்கி ஆம்புக்குள் அனுப்புகிறது. கீழ் ஒலிகளுக்கு அலை உயரம் அதிகம், அவை அப்படியே உள்ளே போனால் வெட்டுப்படும் இடத்தை அவையே தீர்மானித்து மற்ற எல்லாவற்றையும் கலக்கிவிடும். சோதிக்க வேண்டுமானால் ஒரே ஈக்யூவை (அலைவரிசை வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் கருவி), 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைக்கும்படி வைத்து, ஒருமுறை ஆம்புக்கு முன்னாலும் ஒருமுறை பின்னாலும் போட்டுக் கேளுங்கள். முன்னால் போட்டால் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) இறுகுகிறது. பின்னால் போட்டால் சவுண்டு மெலிகிறது, குழப்பம் அப்படியே இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த ஒரு சோதனை பத்து ப்ரீசெட் வாங்குவதைவிட மேல்.

மார்ச் 7

பவர் கார்ட் (அடிச்சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும்) ஏன் நன்றாக ஒலிக்கிறது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. டிஸ்டார்ஷனில் இரண்டு சுரங்கள் சேரும்போது அவற்றின் வித்தியாசமும் ஒரு சுரமாகப் பிறக்கும். கிட்டாரின் கீழ் ஈ (E) 82.4 ஹெர்ட்ஸ், அதன் ஐந்தாம் சுரம் பி (B) 123.5. வித்தியாசம் சுமார் 41, அதுவும் ஈ-தான், ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே. மேஜர் மூன்றாம் சுரம் அப்படியில்லை: 164.8 ஈ-யோடு 207.7 ஜி ஷார்ப் சேர்ந்தால் சுமார் 42.8 வருகிறது, ஈ இருக்க வேண்டிய இடமோ 41.2. சேறு அங்கிருந்துதான் வருகிறது. கோரஸில் முழு மேஜர் கார்டு எனக்கு வேண்டும், ஆகவே மூன்றாம் சுரத்தைத் தனி ட்ராக்கில், தனி ஆம்பில் வாசித்துவிட்டேன். ஒரே டிஸ்டார்ஷனுக்குள் சந்திக்காவிட்டால் சண்டை இல்லை.

மார்ச் 9

கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி. கிட்டாருக்கான 12 அங்குல ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக இறங்கிவிடும், அந்த இறக்கம் இல்லாத டிஸ்டார்ஷன் டப்பாவில் அடைத்த வண்டு போலத்தான் இருக்கும். ஆம்ப் மாடலை மாற்றுவதைவிட ஐஆர் ஃபைலை (ஸ்பீக்கரும் மைக்கும் தரும் ஒலித்தன்மையைப் பதிந்த கோப்பு) மாற்றினால் வித்தியாசம் அதிகம். விண்டேஜ் 30 ஸ்பீக்கர், எஸ்எம்57 மைக், ஸ்பீக்கரின் நடுக் குமிழின் விளிம்பு: அங்கே நின்றேன். மைக் மையத்துக்குப் போகப் போகக் கூர்மை, ஓரத்துக்குப் போகப் போக இருட்டு.

ஒப்பிடும்போது எல்லா ஐஆரையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கேட்டேன், இல்லாவிட்டால் சத்தம் கூடுதலாக இருப்பதே ஜெயிக்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் காட்டியது இன்னொரு பக்கம்: மெதுவாகக் கேட்கையில் காதுக்குக் கீழ் ஒலிகள் குறைவாகத்தான் எட்டும். ராத்திரி ஹெட்ஃபோனில் மெல்ல வைத்து பேஸை ஏற்றினால் காலையில் ஸ்பீக்கரில் அது வீங்கியிருக்கும்.

மார்ச் 12

இரட்டை ட்ராக். ஒரே ரிஃப்பை இரண்டு முறை வாசித்து ஒன்று முழு இடது, ஒன்று முழு வலது. ஒரே டேக்கை நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் வராது, அது நடுவிலேயே நிற்கும். நகலைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் மோனோவில் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். கோரஸுக்கு நாலு ட்ராக் வைத்துப் பார்த்தேன். சுவர்தான் வந்தது, ரிஃப் வரவில்லை. இரண்டே போதும். குறைத்த கெயின் இங்கேதான் கணக்கைச் சரிசெய்கிறது, இரண்டு டேக் சேரும்போது தடிமன் தானாக வந்துவிடுகிறது.

மார்ச் 15

மிக்ஸ். கிட்டாரில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, 9 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டு. 4 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு விசில் இருந்தது, குறுகலாக ஒரு பள்ளம். பாம் மியூட்டில் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிப்பது) மட்டும் 150 பக்கம் குமுறுகிறது, அதற்கு டைனமிக் ஈக்யூ, சத்தம் ஏறும்போது மட்டும் குறைப்பது. கம்ப்ரஸர் போடவில்லை, டிஸ்டார்ஷனே நசுக்கியதை இன்னொருமுறை எதற்கு நசுக்க வேண்டும்?

மிட்டை, அதாவது நடு ஒலிகளை, குறைக்கவில்லை. 500 முதல் 1500 ஹெர்ட்ஸ் வரைதான் கிட்டாரின் வீடு, அதைத் தோண்டி எடுத்துவிட்டு ஃபேடரை ஏற்றிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. கனம் பேஸ் கிட்டாரிலிருந்து வருகிறது. அதற்கும் லேசாக டிஸ்டார்ஷன் கொடுத்ததும் மூன்றும் சேர்ந்து ஒரே பெரிய கிட்டாராகக் கேட்கிறது. சிம்பலை ஒன்றரை டெசிபல் இறக்கினேன், கிட்டார் சத்தமாகிவிட்டது, கிட்டாரைத் தொடாமலே.

நாளைக்குக் குரல். பாடும் வரிகளில் மட்டும் 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை கிட்டார் இரண்டு டெசிபல் தாழட்டும் என்று ஆட்டோமேஷன் போட்டு வைத்திருக்கிறேன், பாடிய பிறகு அளவை மாற்றிக்கொள்ளலாம்.