ப்ராப் 7: சூரிய மின்சாரக்காரர்களே எதிர்த்த சட்டம்

2008இல் கலிபோர்னியாவில் ஒரு சிறிய சூரிய மின் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஃப்ரெஸ்னோ பக்கம் விவசாய நிலங்களை ஒட்டி இரண்டு, மூன்று மெகாவாட்டில் நிலையம் போடுவதுதான் எங்கள் திட்டம். ஒபாமா ஜெயித்த அந்த நவம்பர் தேர்தலில், அதே வாக்குச்சீட்டில் மாநில அளவில் 12 முன்மொழிவுகள் இருந்தன. வாக்காளர்களே நேரடியாக வேண்டும், வேண்டாம் என்று தீர்மானிக்கும் இவற்றை 'ப்ராப்' என்று சுருக்கிச் சொல்வார்கள். ஏழாவது எங்கள் தொழிலைப் பற்றியது. 2025க்குள் மாநிலத்தின் மின்சாரத்தில் பாதி, சூரியன், காற்று போன்ற புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வர வேண்டும் என்றது அது. அப்போது நடப்பிலிருந்த சட்டம் 2010க்குள் 20 சதவீதம் மட்டுமே கேட்டது.

அலுவலகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் வரைவை அச்சடித்து மதியச் சாப்பாட்டு மேசையில் வைத்து வரி வரியாகப் படித்தோம்.

முதலில் இடித்தது ஒரு வரையறை. சூரிய, தூய ஆற்றல் நிலையம் என்றால் 30 மெகாவாட்டும் அதற்கு மேலும். பெரிய நிலையங்களுக்குச் சீக்கிரம் அனுமதி கொடுக்கும் பிரிவுக்குத்தான் அந்த வரையறை, சிறியவர்களுக்குப் பாதிப்பில்லை என்றார்கள் கொண்டுவந்தவர்கள். இல்லை, சிறிய நிலையங்களின் மின்சாரம் இலக்குக் கணக்கிலேயே சேராமல் போகும் என்றார்கள் எதிர்த்தவர்கள். யார் சொல்வது சரி என்று நீதிமன்றம் தீர்க்கும்வரை எந்த வங்கி எங்களுக்குக் கடன் தரும்? மின் கொள்முதல் ஒப்பந்தம் உறுதியானால்தான் கடன், கடன் வந்தால்தான் நிலையம். சந்தேகம் ஒன்றே எங்களைப் போன்றவர்களை முடக்கப் போதும்.

அடுத்தது அபராதம். இலக்கை எட்டாத மின் நிறுவனம் யூனிட்டுக்கு 5 சென்ட் கட்ட வேண்டும் என்று இருந்ததை இது 1 சென்ட்டாகக் குறைத்தது. மொத்த அபராதத்துக்கு இருந்த உச்சவரம்பை எடுத்தது உண்மைதான். ஆனாலும் யூனிட்டுக்கு ஒரு சென்ட் கட்டிவிட்டுப் போவது மலிவு என்று கணக்குப் போட யாருக்கும் தெரியும். மின் கட்டணம் 3 சதவீதத்துக்கு மேல் ஏறாது என்று முகப்புரையில் இருந்தது. அதை நிறைவேற்ற உள்ளே ஒரு பிரிவுகூட இல்லை. இதையெல்லாம் பிறகு திருத்திக்கொள்ளலாமே என்றால், சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். என்னை மிகவும் பயமுறுத்தியது இதுதான்.

எனக்கு அங்கே ஓட்டு இல்லை, விசாவில் இருந்தவன். தெரிந்தவர்களிடம் பேசத்தான் முடிந்தது. ஃப்ரீமாண்டில் இருந்த ஓர் அக்கா, குடியுரிமை வாங்கியவர், அரசு அனுப்பிய வாக்காளர் கையேட்டை நீட்டிக் கேட்டார்: "தம்பி, சோலார்னு போட்டிருக்கு. நீயே சோலார்ல வேலை பாக்கற. இதுக்குப் போய் வேண்டாம்னு சொல்றியே?"

அந்த 3 சதவீத வரியைக் காட்டி, "அக்கா, இதை யார் எப்படிக் கட்டுப்படுத்தப் போறாங்கன்னு உள்ள எங்கயாவது இருக்கா, பாருங்க" என்றேன். சமையலறையிலேயே நின்றபடி வெகுநேரம் பக்கங்களைப் புரட்டினார். "சரி, இது இல்லாட்டி வேற என்ன வரும்?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு அன்று என்னிடம் உறுதியான பதில் இல்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. எதிர்ப் பிரசாரத்துக்குப் பணத்தைக் கொட்டியவை பிஜிஅண்ட்ஈ, எடிசன் போன்ற பெரிய மின் நிறுவனங்கள். அவர்களுடைய காரணம் வேறு, எங்களுடையது வேறு. ஆதரித்த பக்கத்திலோ டேவிட் ஃப்ரீமேன் இருந்தார். லாஸ் ஏஞ்சலஸ் மின்வாரியத்தை நடத்திய அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. இயற்கை வளப் பாதுகாப்புக் கவுன்சில், அக்கறையுள்ள விஞ்ஞானிகள் சங்கம் போன்ற சூழல் அமைப்புகளும் எதிர்த்ததுதான் எனக்குத் தெம்பு. நல்ல சட்டம் வேண்டும் என்பதற்காகவே எதிர்க்கிறோம் என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது.

வாக்களித்தவர்களில் சுமார் 64 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அதே மாதம் ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் 2020க்குள் 33 சதவீதம் என்று ஆணையிட்டார். 2011இல் ஜெர்ரி பிரவுன் அதைச் சட்டமாக்கினார். 2015இல் பாதி மின்சாரம் என்ற இலக்கே சட்டமானது, 2030ஐக் கெடுவாக வைத்து. ப்ராப் 7 கேட்டதைவிட ஐந்து வருடம் தாமதம். 2018இல் அந்த 2030 இலக்கையே 60 சதவீதமாக உயர்த்தினார்கள். சட்டமன்றம் இயற்றியது என்பதால் சட்டமன்றமே சாதாரணப் பெரும்பான்மையில் உயர்த்த முடிந்தது.