போடியிலும் மூணாறிலும் ஒரே மெத்தை பொருந்துமா?

போடிநாயக்கனூரில் வீடும் மலைக்கு மேலே மூணாறு, தேவிகுளம் பக்கத்தில் உறவும் உள்ள குடும்பங்கள் எங்கள் ஊரில் ஏராளம். இந்தக் குடும்பங்களில் மெத்தை வாங்கும் பேச்சு எழுந்தால், ஒரு வீட்டார் வாங்கியதையே மறு வீட்டாரும் வாங்கிவிடுவது வழக்கமாக இருக்கிறது. கீழே உள்ளவர் நல்ல விலைக்குக் கிடைத்தது என்கிறார். மேலே உள்ளவரும் அதே கடையில் அதே மெத்தையை எடுத்து வண்டியில் ஏற்றிப் போடிமெட்டு வழியாகக் கொண்டுபோகிறார். இது சரியான முறையன்று என்பது என் உறுதியான எண்ணம். படுப்பவரின் உடல், அவர் படுக்கும் விதம், வீடு இருக்கும் இடத்தின் காற்று ஆகிய மூன்றையும் பார்த்த பிறகுதான் விலையைப் பேச வேண்டும்.

முதலில் உடலை எடுத்துக்கொள்வோம். மெத்தை எவ்வளவு கல் போல இருக்கிறதோ அவ்வளவு முதுகுக்கு நல்லது என்னும் நம்பிக்கை நம் பக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தரையில் கோரைப்பாய் விரித்துப் படுத்து வளர்ந்த தலைமுறைக்கு அது இயல்பான எண்ணம்தான். ஆனால் முதுகெலும்பு பலகை போன்ற நேர்க்கோடு அன்று. கழுத்தில் உள்வளைவும், மேல்முதுகில் வெளிவளைவும், இடுப்பில் மறுபடியும் உள்வளைவுமாக அமைந்தது. மிகக் கடினமான பரப்பில் ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பெலும்பும் மட்டுமே உடலின் பாரத்தைச் சுமக்கின்றன. இடையில் உள்ள பகுதி தாங்கலின்றி நிற்கிறது. மிக மென்மையான மெத்தையிலோ, உடலில் கனம் கூடிய இடுப்புப் பகுதி உள்ளே அமிழ்ந்து முதுகு முழுவதும் வளைந்துவிடுகிறது. தோளுக்கும் இடுப்புக்கும் சிறிது இடம்கொடுத்து, இடையில் உள்ள பள்ளத்தை நிரப்பித் தாங்குவதே நல்ல மெத்தையின் வேலை. மேற்பரப்பில் கை வைத்து அழுத்திப் பார்த்து இதை அறிய முடியாது.

இதைப் பற்றி மருத்துவ உலகில் முறையாகச் சோதித்திருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குக் கடினமான மெத்தையும் மறு பிரிவினருக்கு நடுத்தரக் கடினம் உள்ள மெத்தையும் கொடுத்தார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தபோது, படுத்திருக்கும்போது உள்ள வலி, எழுந்திருக்கும்போது உள்ள வலி, அன்றாட வேலைகளில் ஏற்படும் தடங்கல் ஆகிய மூன்றிலும் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. ஆகவே, முதுகு வலிக்காரருக்குக் கட்டை போன்ற மெத்தைதான் வேண்டும் என்று கடைக்காரர் வற்புறுத்தினால் தயங்காமல் மறுத்துவிடலாம். ‘ஆர்த்தோ’ என்று முகப்பில் அச்சிட்டு விற்பவற்றில் பலவும் துண்டு ஃபோம்களை அழுத்தி ஒட்டிச் செய்த கடினமான ரீபாண்டட் மெத்தைகளே. அந்தப் பெயரைப் பார்த்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது.

கடையில் கட்டாயம் படுத்துப் பார்க்க வேண்டும். நம் பெண்கள் கடையில் பலர் முன்னிலையில் படுக்கக் கூச்சப்பட்டு, ஓரத்தில் அமர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டிவிடுகிறார்கள். வீட்டில் அதிகம் குனிந்து நிமிர்ந்து வேலை செய்பவர்களும் அவர்களே என்பதால், இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன்; கூட்டம் குறைந்த காலை நேரத்தில் துணைக்கு ஒருவரோடு போய், கால் மணி நேரமாவது படுத்துப் பாருங்கள். மல்லாந்து படுத்து இடுப்புக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை அளவுக்கு மீறிக் கடினம். கையை நுழைக்கவே இடமில்லாமல் இடுப்பு அமிழ்ந்திருந்தால் அளவுக்கு மீறி மென்மை. பிறகு ஒருக்களித்துப் படுத்து, உடன் வந்தவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகு நேராக ஓடுகிறதா என்று அவரால் சொல்ல முடியும். ஒருக்களித்தே தூங்குகிறவருக்குச் சற்று இளக்கமானது ஏற்றது. குப்புறப் படுக்கிறவருக்கும் கனத்த உடலினருக்கும் இன்னும் உறுதியானது வேண்டும். எடையில் பெரிய வேறுபாடு உள்ள கணவனும் மனைவியும் ஒரே மெத்தையில் படுப்பதென்றால், இரண்டு ஒற்றை மெத்தைகளை அருகருகே போட்டு ஒரே விரிப்பால் மூடுவது நல்ல ஏற்பாடு.

இனிப் பொருளுக்கு வருகிறேன். இலவம்பஞ்சைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாமல் போடிக்காரரால் மெத்தையைப் பற்றி எழுத முடியாது. மலையடிவாரத் தோட்டங்களில் இலவ மரங்கள் இலையுதிர்த்துக் காய்த்து நிற்கும். கோடையில் காய்களைப் பறித்துக் காயவைத்து, உடைத்து, விதை நீக்கிப் பஞ்சாக்குவார்கள். விதையிலிருந்து எண்ணெயும் எடுப்பதுண்டு. இந்தப் பஞ்சின் இழை உள்ளே கூடானது. அதன் கன அளவில் ஏறத்தாழ 80 சதவீதம் காற்றுதான். மேலே மெழுகு படர்ந்திருப்பதால் தண்ணீரை எளிதில் ஏற்காது; முன்பு கப்பல்களில் உயிர்காப்பு மேலங்கிகளுக்கு இதை நிரப்பியதும் அதனால்தான். வாங்கும்போது கலப்படத்தைச் சோதிக்கவும் இந்தக் குணமே உதவும். ஒரு பிடிப் பஞ்சைத் தண்ணீரில் போட்டு வைத்தால் இலவம்பஞ்சு நனையாமல் மிதக்கும். பருத்திக் கழிவு கலந்திருந்தால் அது நீரை உறிஞ்சித் தாழத் தொடங்கும். மெத்தை தைக்கக் கொடுக்கும்போது, எத்தனை கிலோ பஞ்சு என்று பேசிக்கொண்டு, நம் கண்ணெதிரே எடைபோட்டு நிரப்பச் சொல்லவும் வேண்டும்.

இவ்வளவு பாசத்தோடு சொன்னாலும் இலவம்பஞ்சின் குறையை மறைக்க நான் விரும்பவில்லை. இழை வழுவழுப்பாக இருப்பதால் அது நிலையாக ஓரிடத்தில் நிற்பதில்லை. படுக்கப் படுக்க இடுப்பு இருக்கும் இடத்தில் பஞ்சு விலகிப் பள்ளம் விழும். அங்கங்கே கட்டி திரளும். வெயிலில் போட்டுத் தட்டினால் மறுபடி உப்பும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து அடித்து நிரப்பவும் வேண்டும். இந்தப் பராமரிப்பு செய்ய ஆளும் மொட்டை மாடியும் உள்ள வீட்டில், முதுகில் தொல்லை இல்லாதவருக்கு, சித்திரை வெக்கையில் இதைவிடச் சுகமான படுக்கை கிடைக்காது. இடுப்பு வலி உள்ளவர் இதை மட்டும் நம்பக் கூடாது; அடியில் உறுதியான காயர் மெத்தையைப் போட்டு, மேலே மெல்லிய இலவம்பஞ்சு மெத்தையை விரித்துக்கொள்வது இரண்டுக்கும் பொதுவான வழி.

காயர் மெத்தை என்பது முறுக்கிச் சுருட்டிய தேங்காய் நார்மேல் ரப்பர் பாலைத் தெளித்து, அழுத்தி, சூட்டில் பதப்படுத்திச் செய்வது. நாரும் ரப்பரும் நம் எல்லையை ஒட்டிய கேரளத்தின் விளைச்சல்கள். கயிறு வாரியத்தின் ஆய்வு நிலையம் ஆலப்புழை மாவட்டம் கலவூரிலும், ரப்பர் வாரியத்தின் தலைமையகம் கோட்டயத்திலும் இருக்கின்றன. இந்த மெத்தைக்குள் காற்று புகுந்து வெளியேறும், சூடு தங்காது. நாளடைவில் நார் அழுந்தினால் மீண்டு எழாது. ரப்பர் பாலையே நுரையாக்கி வார்த்த லேடெக்ஸ் மெத்தைக்கு அந்தக் குறை இல்லை. 1929இல் டன்லப் நிறுவனத்தில் கண்டறிந்த முறையே இன்றும் அதற்குப் பெரிதும் வழங்குகிறது. உடலைத் தாங்குவதிலும் நீடிப்பதிலும் அதை நான் முதலிடத்தில் வைப்பேன். விலைதான் கூடுதல், எடையும் அதிகம். பஞ்சு மெத்தை என்ற எண்ணத்தில் அதைத் தூக்கி வெயிலில் போட்டுவிடாதீர்கள். நேர்வெயில் ரப்பரைக் கெடுத்துப் பொடியாக்கும். நிழலில் காற்றாட வைத்தால் போதும்.

சாதாரண ஃபோம் வாங்குகிறவர்கள் ‘டென்சிட்டி’ எவ்வளவு என்று கேட்க வேண்டும். ஒரு கனமீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்பதே அந்த எண். கடினத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை, உழைப்புக்குத்தான் உண்டு. சொன்ன எண் உண்மையா என்பதைத் தராசு காட்டிவிடும். 78 அங்குல நீளம், 60 அங்குல அகலம், 6 அங்குலக் கனம் உள்ள மெத்தை முழுவதும் 40 டென்சிட்டி ஃபோமாக இருந்தால் ஏறத்தாழ 18 கிலோ நிற்க வேண்டும். 32 டென்சிட்டியானால் 15 கிலோவை ஒட்டி வரும். 40 என்று சொல்லிவிட்டு 10 கிலோவில் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள்.

மெமரி ஃபோம்தான் போடிக்கும் மூணாறுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக 1966இல் விமான இருக்கைகளுக்கென்று உருவாக்கிய பொருள் அது. உடல் வெப்பத்தில் இளகி உருவத்துக்கு ஏற்ப அமைந்துகொள்வது அதன் இயல்பு. குளிரில் அது விறைத்துப் போகும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள மூணாறில், புல்மேல் உறைபனி படியும் மார்கழி, தை மாத இரவுகளில், படுத்தவுடன் அது பலகையாகத் தோன்றிப் பிறகு மெல்ல இளகும். போடியின் கோடை இரவிலோ அது வேண்டியதற்கு மேல் இளகி, உடலைச் சுற்றிக்கொண்டு சூட்டையும் வெளியே விடாது. கடையில் நடுத்தரம் என்று படுத்துப் பார்த்து வாங்கிய ஒரே மெத்தை இரு வீட்டிலும் இருவிதமாகிவிடுகிறது.

குளிரைவிடப் பெரிய தொல்லை ஈரம். தென்மேற்குப் பருவமழையில் எங்களுக்கு ஆடிக் காற்று மட்டும் வீசிக்கொண்டிருக்கும்போது, மலைக்கு மேலே வாரக்கணக்கில் வெயில் முகமே தெரியாது. அங்கே தரையோடு ஒட்டிப் போட்ட மெத்தையின் அடிப்பக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். பஞ்சு மெத்தையைக் காயவைக்கவும் வழியில்லை. தூசிச் சிற்றுண்ணிகளுக்கும் ஈரக் காற்றே வாழ்வு. இளைப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதைக் கவனிக்காமல் இருக்கக் கூடாது. ஆகவே மலை வீட்டுக்கு நான் சொல்வது லேடெக்ஸ் அல்லது ஸ்பிரிங் மெத்தை. அடியில் காற்றோடும்படி, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத இடைவெளியில் சட்டம் அடித்த கட்டில். கழற்றிச் சூடான தண்ணீரில் துவைக்கக்கூடிய நெருக்கமான நெசவுள்ள உறை. கீழே போடி, கம்பம், தேனி வீடுகளுக்குக் காயரும் அதன்மேல் இலவம்பஞ்சும் போதும்.

முதியவருக்கு மெத்தையின் உயரமும் முக்கியம். கட்டிலும் மெத்தையும் சேர்ந்து, அமர்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் படிந்து முழங்கால் செங்கோணமாக மடங்கும் உயரத்தில் இருக்க வேண்டும். எட்டு அங்குல மெத்தையைப் பழைய உயரக் கட்டிலில் போட்டால் இரவில் இறங்கும்போது தடுமாறுவார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மென்மையான பஞ்சு மெத்தையில் படுக்க வைக்க வேண்டாம். முகம் புதைந்து மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. உறுதியான தட்டையான பரப்பில், தலையணை இல்லாமல், மல்லாந்து படுக்க வைப்பதே பாதுகாப்பு. இந்த ஒன்றில் மட்டும் பாட்டிமார் சொல்லைத் தாண்டி மருத்துவர் சொல்லைக் கேளுங்கள் என்று நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வேன்.

உத்தரவாத அட்டையைக் கடையிலேயே படித்துப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் விழும் பள்ளத்துக்குத்தான் உத்தரவாதம் உண்டு. மெத்தை இளகிப்போனதற்குக் கிடையாது, கறை பட்டிருந்தாலும் மறுத்துவிடுவார்கள். ஆகவே முதல் நாளே உறையைப் போட்டுவிட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மலை மேல் வீட்டுக்கு வாங்குகிறவர்கள், பழுதானால் திருப்பி எடுத்துப்போகும் வண்டிச் செலவு யாருடையது என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.