உப்புச் சட்டியும் ஊதா வெளிச்சமும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் சேர்ந்த, எஃகுப் பாகங்களைக் கடினமாக்கும் பட்டறையில் முதல் பாடம் எஃகு அல்ல, கைகழுவுவது. "சாப்பிடும் முன் மூன்று முறை சோப்புப் போட வேண்டும், தம்பி" என்பார் மேஸ்திரி. காரணம் உப்புச் சட்டி. சோடியம் சயனைடு கலந்த உப்பு 850 டிகிரியில் உருகித் தளதளக்கும். பற்சக்கரத்தை அதில் இறக்கினால் கார்பனும் நைட்ரஜனும் மேல்தோலுக்குள் ஏறும். எடுத்து எண்ணெயில் தோய்த்தால் வெளியே கடினம், உள்ளே அடி தாங்கும் பதம். ஈரத்தோடு இறக்கிவிட்டால் உப்பு தெறிக்கும். மேஸ்திரியின் முன்கைத் தழும்புகள் அப்படி வந்தவைதான்.

கழுவிய நீரைக் காரமாகவே வைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுச் சயனைடை முறிப்போம். அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயு கிளம்பும். அதற்குக் கசப்பு வாதுமை வாசனை என்பார்கள். இரவு ஷிப்டில் தனியாக நிற்கும்போது இல்லாத வாதுமை வாசனைகூட எனக்கு அடிக்கும்.

பிறகு, மின்னூட்டிய வாயுவால் எஃகின் மேல்தோலில் நைட்ரஜனை ஏற்றும் பிளாஸ்மா நைட்ரைடிங் வந்தது. பசுமை ஆர்வத்தால் அல்ல. சயனைடு வேண்டாம் என்று வாடிக்கையாளர்கள் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். காற்றை உறிஞ்சிய கலத்தில் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கொஞ்சம் விட்டு, சில நூறு வோல்ட் கொடுத்தால், பாகத்தின் மேல் ஊதா ஒளி இன்னொரு தோலாகப் படியும். பார்வைக் கண்ணாடி வழியே அதை எவ்வளவு நேரமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் அது எளிதில் வசப்படவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தால் பொறி பறந்து பாகத்தில் வடு விழும். குறுகிய துளைக்குள் ஒளி செறிந்து அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறும். திருகாணி போட்டு அடைக்கக் கற்றுக்கொண்டோம். இஎன் 8 என்ற சாதாரண கார்பன் எஃகுத் தண்டுகள் எதிர்பார்த்த கடினம் ஏறாமல் திரும்பி வந்தன. எஃகில் குரோமியம், அலுமினியம் போன்றவை இருந்தால்தான், கடினம் தரும் நைட்ரஜன் சேர்மங்களான நைட்ரைடுகள் நன்றாக உருவாகும். இஎன் 41பி அதற்கென்றே பிறந்த எஃகு.

பட்டறையை மாற்றியது வேறொன்று. சுமார் 500 டிகிரியில் வேலை முடிகிறது, எண்ணெயில் தோய்ப்பதில்லை. அதனால் பாகம் கோணுவது மிகக் குறைவு. பின்னால் சாணை பிடிக்கும் செலவு சுருங்கியதும் முதலாளியின் முணுமுணுப்பு நின்றது.

2012 மின்வெட்டில்தான் மாட்டிக்கொண்டோம். ஒரு சுற்றுக்கு முப்பது மணி நேரம் பிடிக்கும். நடுவில் மின்சாரம் போனால் ஒளியும் போய்விடும். ஜெனரேட்டர் வாங்கினோம். சயனைடு டிரம்கள் நின்ற மூலையில் அந்த ஆண்டு டீசல் டிரம்கள் நின்றன.