துருப்பிடித்த பெட்ரோல் டேங்க்: வேலைக் குறிப்புகள்

பிப்ரவரி 3

நான்கு வருடம் அசையாமல் நின்ற மோட்டார் சைக்கிள். எஃகுத் தகட்டு டேங்க், 14 லிட்டர் பிடிக்கும். மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசமே இல்லை, பழைய வார்னிஷ் நெடிதான். பெட்ரோல் கெட்டுப் பிசினாகிவிட்டது.

மேல் தகட்டில் செந்துரு, அடியில் பழுப்புக் கசடு. அரைகுறையாக நிரப்பி நிறுத்திய டேங்கில் இப்படித்தான் ஆகும். பெட்ரோலில் மூழ்கிய தகடு ஓரளவு தப்பும். காலியாக இருக்கும் மேல்பகுதியில் பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி ஈரத்தைப் படிய வைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் அடியும் தப்பாது: எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மீறியதும் தண்ணீரோடு பிரிந்து கீழே தங்கும். தாழ்ந்த மூலையில், பற்றவைத்த விளிம்பை ஒட்டி முதலில் ஓட்டை விழுவது இதனால்தான்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, வெட்டவெளியில் வைத்து வடித்தாயிற்று. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய்த் தூரத்து நெருப்பையும் எட்டும். அறைக்குள் இந்த வேலை கூடவே கூடாது. வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடிய உலோக கேனில், ஆபத்தான கழிவை வாங்கும் இடத்துக்காக எடுத்து வைத்திருக்கிறது.

பிப்ரவரி 4

பெட்ரோல் காக் (பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்), அளவு காட்டும் ஃப்ளோட் யூனிட், மூடி மூன்றும் கழற்றியாயிற்று. ஃப்ளோட் யூனிட்டை உள்ளேயே விட்டு ஆசிட் ஊற்றினால் அதன் மெல்லிய தொடுமுனைகள் அரித்துப்போய், முள் கண்டபடி ஆடும். துளைகளை 3 மில்லிமீட்டர் ரப்பர் ஷீட்டும் தகடும் வைத்து, பழைய போல்ட்டுகளாலேயே அடைத்திருக்கிறது.

அடுத்து சோப்புக் கழுவல். பலரும் தாண்டிவிடும் படி இது. துரு போகாமல் நிற்பதற்கும் பெரும்பாலும் இதைத் தாண்டுவதே காரணம். பிசின் படலத்துக்கு அடியில் இருக்கும் துருவை ஆசிட் தொடாது. வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றிக் குலுக்கி, மூன்று முறை மாற்றியாயிற்று. உள்ளே ஊற்றும் தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் தகட்டில் பரவி ஓடும்வரை கழுவ வேண்டும்.

பிப்ரவரி 5

உதிரும் துருவைத் தட்டி எடுக்க எம்8 (8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கான) நட்டுகள் 40. எண்ணிப் போட்டு எண்ணி எடுக்க வேண்டும்; ஒன்று உள்ளே சிக்கினாலும் ஆயுசுக்கும் கடகடக்கும். ஒரு லிட்டர் சோப்புத் தண்ணீரோடு, டேங்கைக் கம்பளியில் சுற்றி எல்லாப் பக்கமும் புரட்டியாயிற்று. 40-ம் வெளியே வந்துவிட்டன. துத்தநாகம் பூசிய நட்டை ஆசிட்டோடு சேர்த்துப் போட வேண்டாம். ஆசிட்டின் பலம் துத்தநாகத்தைக் கரைப்பதிலேயே தீரும், ஹைட்ரஜனும் கிளம்பும்.

பிப்ரவரி 6

சிட்ரிக் ஆசிட், அதாவது எலுமிச்சை உப்பு, லிட்டருக்கு 70 கிராம். 14 லிட்டருக்கு ஒரு கிலோ. கை பொறுக்கும் சூட்டு நீரில் கரைத்து விளிம்புவரை நிரப்பியாயிற்று. குறைத்து ஊற்றினால் நனையாத தகட்டில் துரு அப்படியே நிற்கும். மூடியை இறுக்க வேண்டாம், வாயு வெளியேற வழி தேவை. பெயிண்ட்டில் சிந்தினால் உடனே கழுவ வேண்டும். அலுமினிய டேங்குக்கு இந்த முறை ஆகாது.

ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அரைமணியில் முடித்துத் தரும் என்பார்கள். துருவோடு நல்ல தகட்டையும் தின்னும். அதன் புகையே பக்கத்துக் கருவிகளைத் துருவேற்றும். மெல்லிய பழைய டேங்கில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பிப்ரவரி 7

18 மணி நேரம் ஊறியது. கரைசல் மஞ்சள் பச்சையாக மாற, தகடு மங்கிய சாம்பல் நிறத்தில் நிற்கிறது. இனி வரும் அரைமணி நேரத்துக்கு வேண்டிய எல்லாமே வடிக்குமுன் கைக்கெட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும். துரு நீங்கிய ஈரத் தகடு காற்றுப் பட்டால் சில நிமிடங்களிலேயே மறுபடி ஆரஞ்சு நிறமாகும்.

வடித்ததும் 3 லிட்டர் நீரில் 100 கிராம் சமையல் சோடா. நுரை அடங்கும்வரை குலுக்கல். நல்ல தண்ணீரில் ஒரு அலசல். உடனே ஐசோபுரோபைல் ஆல்கஹால் 300 மில்லி, இரண்டு தடவை; மிச்ச ஈரத்தை அது தன்னோடு இழுத்து வந்துவிடும். இந்த நேரத்தில் முடி உலர்த்தும் கருவியைக் காட்டவே கூடாது. உள்ளே பழுக்கக் காய்ந்த கம்பி, வெளியே ஆல்கஹால் ஆவி! கம்ப்ரசரின் வெறும் காற்றே போதும். ஆவி முழுக்கப் போனபின் மண்ணெண்ணெய் நிரப்பியாயிற்று.

பிப்ரவரி 8

மண்ணெண்ணெய் தகட்டைத் துருவிலிருந்து காக்கும், கசிவையும் காட்டிக்கொடுக்கும். விளிம்பு முழுக்கச் சாக்பீஸ் தூள் தடவி 24 மணி நேரம் விட்டதில் ஈரக் கறை எதுவும் இல்லை. இந்தச் சோதனை துரு எடுத்தபின்தான் செய்ய வேண்டும்; ஊசித்துளைகளை அதுவரை துருவே அடைத்து வைத்திருக்கும். கசிந்திருந்தால் டேங்க் வேலை தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். கழுவிய டேங்கிலும் ஆவி மிஞ்சும், வெல்டிங் தீயில் வெடிக்கும்.

உள்ளே எபாக்சி (இறுகும் பிசின்) பூச்சு போடவில்லை. ஓட்டையில்லாத தகட்டுக்கு அது தேவையில்லை. பின்னாளில் உரிந்தால் பெட்ரோல் காக்கின் வழியை அடைக்கும்.

பிப்ரவரி 9

பெட்ரோல் காக்குக்குப் புது ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), புது வலை, புது ஹோஸ், நடுவே ஒரு ஃபில்டர். மூடியின் காற்றுத் துளையில் கம்பி விட்டுப் பார்த்தாயிற்று. அது அடைத்தால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி வண்டி ஓடி ஓடி நிற்கும். கார்புரேட்டரின் பைலட் ஜெட்டிலும் (பெட்ரோல் போகும் நுண்துளை கொண்ட பித்தளைத் துண்டு) அதே பிசின். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தாயிற்று. எஃகுக் கம்பி விட்டால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும்.

மண்ணெண்ணெயை வடித்துப் புதுப் பெட்ரோல் நிரம்ப ஊற்றியாயிற்று. முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.