ஃபிளாரன்ஸில் ஒரு வெண்கலப் பன்றி

நேற்று இரவுதான் இத்தாலியிலிருந்து திரும்பினோம். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அதெல்லாம் அப்புறம். முதலில் அந்த டாக்ஸி, பிறகு பன்றி.

சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்தில் இறங்கும்போது மழை. மெர்காத்தோ நுவோவோ சந்தைக்கு அங்கிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. பெட்டிகள் நனையுமே என்று டாக்ஸி ஏறினோம். சுற்று வழியில் போய், பெட்டிக்கு இவ்வளவு, ஞாயிற்றுக்கிழமைக்கு இவ்வளவு என்று சேர்த்து 24 யூரோ வாங்கிவிட்டார் ஓட்டுநர். பத்துப் பன்னிரண்டு நிமிட நடைக்கு 24 யூரோ! ஒரு நாள் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய காசு அது. குடை வாங்கிக்கொண்டு நடங்கள்.

சந்தையில் தோல் பைக் கடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது ‘போர்ச்செல்லீனோ’. அந்தப் பெயருக்குப் பன்றிக்குட்டி என்று பொருள். ஆனால் அது தந்தம் நீட்டிய முழுக் காட்டுப்பன்றி. மூக்கு மட்டும் தங்கம் போலப் பளபளக்கிறது. அதைத் தடவி, வாயில் ஒரு நாணயத்தை வைத்துவிட வேண்டும். அது நழுவிக் கீழே உள்ள கம்பி இடுக்கில் விழுந்தால் அதிர்ஷ்டம், ஃபிளாரன்ஸுக்குத் திரும்பி வருவோம் என்பது நம்பிக்கை. வரிசையில் நின்றவர்கள் தடவினார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். பீடத்தில் ஊர்ந்துகொண்டிருந்த வெண்கலத் தவளையையும் பாம்பையும் குனிந்து பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

அது 1998-இல் வார்த்த நகல். சிற்பி பியெத்ரோ தாக்கா செய்த அசல், ஆர்னோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்தீனி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாரத்தில் சில நாள்தான் திறக்கிறார்கள், எந்த நாள் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நீலச் சுவர்கள், கூட்டமே இல்லை. முக்கால் மணி நேரம் அதன் முன்னாலேயே நின்றேன்.

கழுத்து ரோமத்தைப் பாருங்கள். மழையில் நனைந்து எழுந்த மிருகத்தின் ரோமம் போலக் கற்றை கற்றையாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் திரும்பிக் கிடக்கிறது. முதுகில் முள் போல விறைக்கிறது. வார்ப்புக்கு முன் இவ்வளவையும் மெழுகில் கொண்டுவந்திருக்க வேண்டும். முன்னங்காலை ஊன்றி எழப்போகிற பாரம் தோளில் தெரிகிறது. ஃபிளாரன்ஸின் உஃபீஸி அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய பளிங்குப் பன்றியைப் பார்த்துத்தான் தாக்கா இதைச் செய்தார். ஆனால் எனக்கு உயிரோடு தெரிந்தது இந்த வெண்கலம்தான்.

தாக்கா 1577-இல் கராராவில் பிறந்தவர். புகழ்பெற்ற சிற்பி ஜாம்போலோஞ்ஞாவின் சீடர், 1608-இல் குரு இறந்ததும் பட்டறையை ஏற்று நடத்தியவர். பன்றியை வார்த்து முடித்தது 1634 வாக்கில். மாட்ரிட்டில் முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிற்கிற, ஸ்பெயின் அரசர் நான்காம் ஃபிலிப்பின் குதிரையும் இவர் செய்ததுதான். அவ்வளவு வெண்கலத்தையும் பின்னங்கால்களும் வாலும் தாங்குகின்றன. கலிலியோ கணக்குப் போட்டு உதவினார் என்று சொல்வார்கள். குருவின் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் வெளியே தெரியாதது எனக்குப் பொறுக்கவில்லை.

சாப்பாடு? சந்தையை ஒட்டிய வண்டிக்கடையில் லாம்ப்ரெதோத்தோ. மாட்டின் நான்காம் இரைப்பையைத் தக்காளி, வெங்காயம், செலரி போட்டுக் கொதிக்கவைத்து, பொடியாக நறுக்கி, ரொட்டியின் மேல்பாதியை அந்தச் சாற்றிலேயே முக்கிக் கொடுக்கிறார்கள். மேலே பச்சைச் சட்னி. குடல் கறி பிடித்தவர்கள் விடவே கூடாது. 5 யூரோ. இந்தப் பயணத்தின் ஆகச் சிறந்த சாப்பாடு, நின்றுகொண்டே சாப்பிட்டதுதான்.

கடைசி நாள் மாலை சான்திசிமா அன்னுன்சியாத்தா சதுக்கத்துக்குப் போனோம். தாக்காவின் கடற்பூதங்கள் தண்ணீர் உமிழும் இரண்டு நீரூற்றுகள் அங்கே இருக்கின்றன. பார்க்கக் காசு கிடையாது. ரயிலுக்கு நேரமாகும் வரை அங்கேயே இருந்தோம். இன்னும் ஒரு நாள் கிடைத்திருந்தால் மறுபடி பன்றியிடம்தான் போயிருப்பேன். காதுக்குள் இருக்கும் ரோமத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.