முதல் பைக்

அக்கா பையன் முதல் பைக் வாங்கப் போறான். 390 சிசி, அதாவது பெரிய இன்ஜின் வண்டிதான் வேணுமாம். ஷோரூம்ல ஏறி உட்காரச் சொன்னேன். கால் நுனி மட்டும்தான் தரையில பட்டுச்சு. வண்டி லேசா ஒரு பக்கம் சாயவும் பயந்துட்டான். ஓடும்போது எடை தெரியாது. நிக்கும்போது சாஞ்சா கால்தான் தாங்கணும்.

அடுத்து ஒரு 125 சிசி. ரெண்டு பாதமும் முழுசா ஊனுச்சு, முகமே தெளிஞ்சிடுச்சு. புதுசா ஓட்டுறப்ப யு டர்ன், மேட்டுல நிறுத்திக் கிளப்புறது, மணல் கிடக்குற ஓரம்னு மெதுவாப் போற இடத்துலதான் தடுமாறும். அங்க சீட் உயரமும் எடையும்தான் கைகொடுக்கும், பவர் இல்ல.

ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுத்தாம நின்னு வழுக்காமப் பார்த்துக்குற வசதி, அந்த விஷயத்துல மட்டும் நான் விட்டுக்கொடுக்கல. பதறிப்போய் பிரேக்கை இறுக்கிப் பிடிச்சா முன்சக்கரம் லாக் ஆகக் கூடாது. 125-ல அது இல்லேன்னா 150 சிசிக்குப் போனாலும் சரி. ஹெல்மெட்டும் கையுறையும் என் செலவுன்னு சொல்லிட்டேன்.